காக்கி மீதான நம் கோபமும் கைப்பிடியில் உள்ள வேகமும்

நெடுஞ்சாலையில் எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு இருமுறை அணைந்து எரிந்தால் அதன் பொருள் என்ன என்பதை நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முன்னே காவலர்கள் நிற்கிறார்கள். உடனே தொண்ணூறில் போகும் வண்டி ஐம்பதுக்கு இறங்குகிறது, கழுத்திலிருந்த தலைக்கவசம் தலைக்கு ஏறுகிறது. சோதனையிடத்தைக் கடந்து ஒரு வளைவு திரும்பியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. இந்நாட்டில் முன்பின் அறியாத இருவர் சாதி கேளாமல் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் மிகச் சில தருணங்களில் இதுவும் ஒன்றாக இருப்பது கசப்பான வேடிக்கை.

இந்தச் சிறு சைகைக்குள் ஒரு முழுக் கண்ணோட்டம் அடங்கியிருக்கிறது. வேகம் என்பது நமக்கும் காவலருக்கும் இடையிலான விவகாரம். அவர் பார்த்தால் குற்றம், பாராவிட்டால் ஒன்றுமில்லை. சாலையைக் கடக்கக் காத்திருக்கும் மூதாட்டிக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. காவலர் மீதான அவநம்பிக்கை நியாயமானதாக இருக்கும் ஒரு சமூகத்தில், அந்த அவநம்பிக்கை நம் வேகத்திற்கான பொறுப்பை எவ்வாறு விழுங்கிவிடுகிறது என்பதையே இங்கே பேச விழைகிறோம்.

அவநம்பிக்கை நியாயமானது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தின் மீது காவல்துறை தடியடி நடத்தித் துரத்தியதில் தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. 2011 செப்டம்பர் 11 அன்று இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் துப்பாக்கிகள் பேசின. போக்குவரத்துச் சோதனையும் இந்த வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை. 2018 மார்ச் 7 அன்று திருச்சி மாவட்டம் துவாக்குடி அருகே, தலைக்கவசச் சோதனையில் நிற்காமல் சென்ற ஒரு தம்பதியைக் காவல் ஆய்வாளர் ஒருவர் துரத்திச் சென்று வண்டியை உதைத்தார் என்பது குற்றச்சாட்டு. கீழே விழுந்த பெண் இறந்துபோனார். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். தலைக்கவசம் உயிரைக் காப்பதற்கான விதி. அந்த விதியின் பெயராலேயே ஓர் உயிர் போயிற்று. இதை அறிந்த ஒருவரிடம் சென்று, காக்கியைக் கண்டதும் மரியாதையோடு வண்டியை ஓரங்கட்டுங்கள் என்று உபதேசம் செய்வது எளிதல்ல.

வண்டிக்கும் நமக்குமான உறவும் வெறும் போக்குவரத்து உறவு அல்ல. ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கக் கூடாது, மிதிவண்டியில் ஏறிச் செல்லக் கூடாது, இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டளைகளை அனுபவித்த தலைமுறை இன்னும் நம்மிடையே உயிரோடு இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் வண்டி ஓட்டியதைப் பொறுக்காமல் செய்த தாக்குதல் இது என்று குடும்பத்தினர் கூறினர். இப்படிப்பட்ட நிலத்தில் ஓர் இளைஞர் தவணையில் வாங்கிய வண்டியின் கைப்பிடியை முறுக்கும்போது எழும் ஓசையில் இயந்திரத்தின் ஓசை மட்டும் கேட்பதில்லை. அந்த வண்டியை ஓட்டும் உரிமைக்காக நாம் எவரோடும் போராடுவோம். ஆனால் ஓட்டும் உரிமை ஒன்று, ஓட்டும் வேகம் வேறு. சுயமரியாதை இவற்றில் முதலாவதில் இருக்கிறது. இரண்டாவதிலும் அது இருப்பதாக நம்மை நம்ப வைத்தவை திரைப்படங்களும் வண்டி விளம்பரங்களும்தான்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் இதற்கு நேரான ஒரு நிகழ்வு உண்டு. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று தமிழில் அறியப்படும் தன்வரலாற்றுக் குறிப்புகளில் அதை அவரே எழுதியிருக்கிறார். 1929இல், தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராகச் சென்ற பயணத்தில் அவர் சாலீஸ்கானில் இறங்குகிறார். அங்குள்ள மகர் மக்கள் தங்கள் குடியிருப்பில் ஓர் இரவு தங்கிச் செல்லுமாறு வேண்டுகிறார்கள். ஆனால் குதிரைவண்டிக்காரர்கள் எவரும் தீண்டப்படாத ஒருவரை ஏற்றி ஓட்ட முன்வரவில்லை. தங்கள் விருந்தினர் நடந்து வருவது அவருடைய மதிப்புக்கு இழுக்கு என்று கருதிய மக்கள், வண்டியை மட்டும் வாடகைக்குப் பெற்று, வண்டி ஓட்டி அறியாத தம்மில் ஒருவரையே ஓட்ட வைத்தார்கள். புறப்பட்ட சிறிது தொலைவிலேயே அது ஒரு மோட்டார் வாகனத்தோடு மோதப் பார்த்தது. ஒரு காவலர் உரக்கக் கூச்சலிட்டதால்தான் அந்த மோதல் தவிர்க்கப்பட்டது. பின்னர் ஆற்றுப் பாலத்தில் சக்கரம் ஓரக்கல்லில் சிக்கி, குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. கல்தளத்தில் தூக்கியெறியப்பட்ட அம்பேத்கருக்குக் கால் முறிந்தது.

அக்குறிப்பில் அவர் முதலில் சாடுவது சாதியைத்தான். வண்டிக்காரர்களின் மறுப்பு இல்லையேல் விபத்தே இல்லை. ஆனால் அத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தம் மாண்பைக் காக்க எண்ணிய தம் மக்களே தம் உயிரைப் பணயம் வைத்துவிட்டனர், பயணியின் பாதுகாப்பு மாண்பைவிட முக்கியம் என்பதை எண்ணிப்பார்க்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் பதிவு செய்கிறார். ஒடுக்குமுறையைச் சொல்கையில் நம் பக்கத்துக் கவனக்குறைவை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் உயிரை அந்த முதல் மோதலிலிருந்து காத்த காவலரையும் விட்டுவிடாமல் குறிப்பிடுகிறார். நம்மில் பலர் அந்தக் காவலரைக் கதையிலிருந்து நீக்கிவிட்டே சொல்லியிருப்போம்.

இனி வேகத்துக்கு வருவோம். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும் என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். சாலையில் அதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்த்திருக்க மாட்டோம். உலர்ந்த சாலை, நல்ல பிரேக், ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டரில் வருபவர் அந்த ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்து, பிரேக் பிடித்தபின் இன்னும் 14 மீட்டர் ஓடி நிற்பார். ஆக, 28 மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை சாலையில் இறங்கினால் அதன் முன்னே வண்டி நின்றுவிடும். அதே இடத்தில் 70இல் வருபவருக்கு என்ன ஆகும்? பிரேக்கைத் தொடுவதற்குள் 19 மீட்டருக்கு மேல் போய்விடும். எஞ்சிய எட்டு மீட்டருக்குச் சற்று மேலான தூரத்தில் வண்டி எவ்வளவு தணியும் என்று கணக்கிட்டால், அது குழந்தையின் மீது மோதும்போது மணிக்கு ஏறத்தாழ 58 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். இருபது கிலோமீட்டர்தானே கூடுதல் என்று நாம் நினைக்கிறோம். முதல் வண்டி தொடாமல் நின்ற இடத்தில் இரண்டாவது வண்டி அந்தக் குழந்தையைக் கொன்றுவிடக்கூடும். மாற்றாக நாம் பெறுவது என்ன? பத்துக் கிலோமீட்டர் பயணத்தில் மூன்றரை நிமிடம். அதையும் அடுத்த சிக்னல் பறித்துக்கொள்ளும்.

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. இறந்தோர் 17,884 பேர். இதில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாடெங்கும் இறந்தோரில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள், 19 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள். மரணங்களில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் அதிவேகமே காரணம் என்கிறது அறிக்கை.

இந்தக் கடைசி எண்ணை நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. அது காவல் நிலையங்களின் பதிவுகளிலிருந்து வருவது. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து’ என்பது நம் முதல் தகவல் அறிக்கைகளில் ஏறத்தாழ அச்சுவார்ப்பாகவே வரும் தொடர். விளக்கு இல்லாத வளைவு, நடைபாதை இல்லாத சாலை, இரவில் எச்சரிக்கை விளக்கின்றி நிறுத்தப்பட்ட லாரி, ஒப்பந்ததாரர் மூடாமல் விட்ட பள்ளம் ஆகியவை எல்லாம் அந்தத் தொடருக்குள் மறைந்துபோகின்றன. ஓட்டுநர் ஒருவர் கிடைத்துவிட்டால் பொறியாளரைத் தேட வேண்டியதில்லை அல்லவா? இந்த விமர்சனம் சரியானது. ஆனால் மேலே கண்ட கணக்கு எந்தக் காவல் நிலையத்தின் பதிவையும் நம்பி நிற்கவில்லை. மோசமான சாலையில் வேகம் இன்னும் அதிகமாகக் கொல்லும் என்பதே அந்த விமர்சனத்திலிருந்து வரக்கூடிய ஒரே முடிவு.

நடந்து சாகிறவர்கள் யார் என்பதை எண்ணிப் பார்க்க நமக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. சாதிவாரியாகச் சாலை மரணங்களை அந்த அறிக்கை பிரித்துக் காட்டுவதில்லை. ஆனால் நம் குடியிருப்புகள் எங்கே இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். ஊருக்கும் சேரிக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓடும் கிராமங்கள் எத்தனை! பள்ளியும் நியாயவிலைக் கடையும் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். விடியுமுன் விளிம்போரம் குனிந்து சாலையைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர், நூறு நாள் வேலைக்கு வரிசையாக நடந்து செல்லும் பெண்கள், தார் ஊற்றும் கூலிகள், சரக்கு வண்டியின் பின்புறம் நின்றுகொண்டே பயணிக்கும் அறுவடைத் தொழிலாளர்கள். அதிவேகத்தின் விலையை முதலில் கொடுப்பவர்கள் இவர்களே. ஆகவே, வேகத்தை நம் இளைஞர்களின் கலகம் என்று கொண்டாடும் பேச்சு எழும்போதெல்லாம், கலகம் யாருக்கு எதிராக என்று கேட்பது நம் கடமை. நினைவு நாள் ஊர்வலங்களில் மூவராக ஏறி, சத்தக் குழாய் பொருத்திய வண்டியில் பறப்பது ஆதிக்கச் சாதியை அசைப்பதில்லை. சாலையோரத்தில் நிற்கும் நம் அத்தையைத்தான் அது பதறி ஓடவைக்கிறது.

பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கலையில் நம்மைவிடப் பன்மடங்கு தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2024 மே 19 அன்று புனேவில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய விலையுயர்ந்த போர்ஷே கார் மோதி இரு இளம் பொறியாளர்கள் உயிரிழந்தனர். சில மணி நேரத்திலேயே பிணை கிடைத்தது. அதற்கான நிபந்தனைகளில் விபத்துகள் குறித்து 300 சொற்களில் கட்டுரை எழுதுவதும், போக்குவரத்துக் காவலர்களோடு பதினைந்து நாள் பணியாற்றுவதும் இருந்தன. பின்னர் இரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்களே கைதாயினர். நம் பிள்ளை ஒருவன் இதே குற்றத்தைச் செய்திருந்தால் கட்டுரை எழுதச் சொல்லியிருப்பார்களா என்ற கேள்வியை நாம் கேட்காமல் இருக்க முடியாது. கேட்டபின், அந்தப் பணக்காரத் தந்தைக்குக் கிடைத்த சலுகையை நமக்கும் தரச்சொல்லிக் கேட்கிறோமா, அல்லது எவருக்கும் அது கிடைக்கக் கூடாது என்கிறோமா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வழியில் பிடிபட்டதும் கட்சிப் பிரமுகருக்கும் வழக்கறிஞர் அண்ணனுக்கும் கைபேசியில் அழைப்பு விடுக்கும் நம் தோழர்கள் முதலாவதைத்தான் கேட்கிறார்கள்.

இவ்வளவு சொன்னபின், வேகத்தின் பொறுப்பு முழுவதும் ஓட்டுபவரின் தலையில்தான் என்று முடித்துவிட்டால் அதுவும் பொய்யாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆவது பிரிவை நம் மாணவர்கள் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இலகுரக வாகனம் வேக வரம்பை மீறினால் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 வரை. இது பலருக்கும் தெரியும். அதே பிரிவு, தன்னிடம் வேலை செய்பவரையோ தன் கட்டுப்பாட்டில் உள்ளவரையோ வேக வரம்பை மீறி ஓட்டச் செய்பவரையும் அதே தண்டனைக்கு உள்ளாக்குகிறது என்பது சிலருக்கே தெரியும். அதன் நான்காவது உட்பிரிவு இன்னும் கூர்மையானது. ஒரு பயணத்தை இத்தனை நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கால அட்டவணை வெளியிட்டாலோ கட்டளையிட்டாலோ, வேக வரம்பை மீறாமல் அந்நேரத்துக்குள் முடிப்பது இயலாதது என நீதிமன்றம் கருதினால், அட்டவணையே கட்டளையிட்டவருக்கு எதிரான முதல்தோற்றச் சான்றாகும்.

பத்து நிமிடத்தில் மளிகை வந்து சேரும் என்று விளம்பரம் செய்த நிறுவனங்களையும், ஒரு நாளில் இத்தனை நடை ஓட்டியாக வேண்டும் என்று விரட்டும் தண்ணீர் லாரி உரிமையாளர்களையும், மூன்று ஊர்களின் தொழிலாளர்களை ஒரே வேனில் அள்ளிக்கொண்டு ஆலையின் ஷிப்ட் மணிக்குள் சேர்க்கச் சொல்லும் ஒப்பந்தக்காரர்களையும் இந்த உட்பிரிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். உணவுப் பை சுமந்து ஓடும் நம் பட்டதாரிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அபராதச் சீட்டு அவர்கள் கைபேசிக்கு வருகிறது. நேரத்தை நிர்ணயித்த செயலிக்கு வருவதில்லை. சட்டம் போதவில்லை என்பதல்ல இங்குள்ள குறை. கையில் இருக்கும் சட்டத்தை மேல்நோக்கி ஏவ யாரும் முனைவதில்லை. தொழிற்சங்கங்களும் நம் வழக்கறிஞர் அமைப்புகளும் எடுத்துப் பார்க்க வேண்டிய ஆயுதம் இது.

அபராதத்தின் சமமின்மையும் பேசப்பட வேண்டியதே. ஆயிரம் ரூபாய் என்பது ஒருவருக்கு இரண்டு நாள் கூலி, இன்னொருவருக்கு ஒரு வேளைச் சிற்றுண்டி. பின்லாந்தில் வேகத்துக்கான பெரிய அபராதங்கள் வருமானத்துக்கேற்ப விதிக்கப்படுகின்றன. 2002இல் நோக்கியா நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் 50 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் 75இல் சென்றதற்காக 1,16,000 யூரோ விதிக்கப்பட்டது உலகச் செய்தியாயிற்று. பின்னர் அது குறைக்கப்பட்டது என்றாலும் கோட்பாடு நிற்கிறது. இப்படியொரு முறையைக் கோருவதற்கு, சமத்துவம் பேசும் நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

சரி, சோதனையிடத்தில் என்ன செய்வது? சீருடையில் உள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டுவது 130ஆவது பிரிவின்படி நம் கடமை. டிஜிலாக்கரில் உள்ள மின்னணுப் படியே போதும். அபராதம் என்றால் சலான் பெற வேண்டும். ஐநூறு ரூபாய்த் தாளை மடித்து நீட்டுவது நம் பக்கத்து ஊழல். அதை நீட்டிவிட்டு, காவல்துறை ஊழல்மயமானது என்று மேடையில் முழங்குவது சிரிப்புக்கிடமானது. அடிக்கவோ உதைக்கவோ வண்டியைத் துரத்தித் தள்ளவோ காவலருக்கு எந்தப் பிரிவும் அதிகாரம் தரவில்லை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், அவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராயின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவு அவருக்கும் பொருந்தும். அரசு ஊழியர் என்பதால் 3(2)இன்படி குறைந்தது ஓராண்டுச் சிறை. சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரியே போக்குவரத்து விதியை மீறினால் இருமடங்கு அபராதம் என்று 210பி கூறுகிறது. தலைக்கவசமின்றிச் செல்லும் காவலரைப் படமெடுத்துப் பகிர்வதோடு நிறுத்தாமல், அந்தப் பிரிவைச் சுட்டிப் புகார் எழுத வேண்டும். ஆனால் இந்த உரிமைகளையெல்லாம் நிமிர்ந்து கேட்க வேண்டுமானால், நாம் வரம்புக்குள் வந்தவராக இருப்பது பெரும் வசதி. மீறிவிட்டு நிற்பவரின் வாய் தானாகவே அடைபட்டுவிடும். அதைத்தான் லஞ்சம் கேட்பவர் எதிர்பார்க்கிறார்.

காவலர் என்ற சொல்லுக்குள் எல்லாரையும் ஒன்றாக அடைப்பதும் சரியல்ல. ஆணையிடுபவர் குளிரூட்டிய அறையில் இருக்கிறார். நண்பகல் வெயிலில் புகையைக் குடித்துக்கொண்டு நாற்சந்தியில் நிற்பவர் கடைநிலைக் காவலர். நம் தெருவிலிருந்து இடஒதுக்கீட்டில் தேர்வாகிப் போன பிள்ளையாகவும் அவர் இருக்கலாம். மாத இலக்கு வைத்து வழக்குப் போடச் சொல்லும் முறை இருந்தால் அதை எதிர்ப்போம். அவர் கை காட்டியதும் வண்டியை நிறுத்துவது அந்த எதிர்ப்பைச் சிறிதும் குறைத்துவிடாது.

வேகத்தால் சாகும் நம் பிள்ளைகளின் வீடுகளுக்குப் பிறகு என்ன நேர்கிறது என்பதையும் நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கர்நாடக வழக்கு ஒன்றில், தானே வேகமாகவும் அலட்சியமாகவும் ஓட்டி, வேறு எவருடைய பிழையுமின்றி இறந்தவரின் குடும்பத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்ற உயர் நீதிமன்றத்தின் முடிவில் தலையிட மறுத்துவிட்டது. தவணை பாக்கி, மகளிர் குழுக் கடன், இளைய தங்கையின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அந்தத் தாயின் மீது இறங்கும். மறுபுறம், யாரென்று தெரியாத வண்டி மோதிவிட்டுப் போய்விட்டால் இறப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் என 161ஆவது பிரிவின் கீழ் 2022 ஏப்ரல் முதல் இழப்பீடு உண்டு. இதைக் கேட்டுப் பெறாத குடும்பங்கள் நம் குடியிருப்புகளில் இருக்கின்றனவா என்று மாணவர் அமைப்புகள் வீடுவீடாகச் சென்று பார்க்கலாம்.

சென்னையில் 2023 நவம்பரில் குடியிருப்புச் சாலைகளுக்கு 30 கிலோமீட்டர் வரம்பு அறிவிக்கப்பட்டது. மாநகரத்துத் தெருவுக்கு அது தேவை என்றால், நெடுஞ்சாலை பிளந்துபோகும் நம் காலனிகளுக்கு ஏன் தேவையில்லை? ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில், காலனி தொடங்கும் இடத்தில் வேக வரம்புப் பலகை, வேகத்தடை, கடக்கும் கோடு, விளக்கு ஆகியவற்றைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றலாம். முன்மொழிபவர் சபைக்கு எந்த வேகத்தில் வந்து இறங்கினார் என்பதை ஊர் பார்த்திருக்கும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். தீர்மானத்தின் நகலோடு, கடந்த ஐந்தாண்டுகளில் அந்த ஒரு கிலோமீட்டரில் நடந்த விபத்துகளின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் காவல் நிலையத்திலிருந்து பெற்று இணைத்து, ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒரு நகல் செல்ல வேண்டும். பலகை நடுவது அவர்கள் வேலை.